ஏரியைத் தூர்க்கும் விளையாட்டு

ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்குத் தாம்பரத்தில் நண்பர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கணினித் திரையில் கோட்டை வாசலில் சிக்கி நின்ற யானை. சோழர் காலப் போர் விளையாட்டாம். கடலையும் கப்பல்களையும் அழகாகச் செய்திருந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். மற்றதெல்லாம் குப்பை. தஞ்சாவூரில் கோதுமை விளைகிறது. சொந்தக் கோட்டைக்குள் நுழையத் தெரியாத யானையை நம்பி இலங்கைக்குப் படையெடுக்க வேண்டும். நண்பர் ஒரு ஏரியை ஒரே சொடுக்கில் தூர்த்து, அதன்மேல் வரிசையாக வீடுகள் கட்டினார்.

"மழை வந்தா?" என்றேன்.

"இந்த கேம்ல வெள்ளமே கிடையாது சார். அதான் இதுல சூப்பர்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். "ஏங்க, பெருங்களத்தூர் ஃப்ளாட்டுக்கு இன்னிக்கே பதில் சொல்லணுமாம். முன்ன அங்க ஏரி இருந்துச்சாம். ஒரு நடை போய் அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வாங்களேன்."

"யானை மாட்டிக்கிட்டு நிக்குது, இப்பப் போயி..."

புரோக்கரின் அழைப்பு வந்தது. நண்பர் மவுஸிலிருந்து கையை எடுக்காமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஓகே சார், எடுத்துக்கறோம்" என்றார்.

யானை நகரவில்லை. அவர் எடுத்தது தரைத்தள வீடு.