முதுகுக்கு ஒரு கவசம் கேட்டேன்

திருமலையானை நம்பியிருக்கும் அன்பர்களே, எனக்குப் பேசத் தெரியாது, எழுதவும் பெரிதாக வராது. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். வருகிற பாகம் சரியா, தப்பா என்று பார்த்து ஒதுக்குவது வேலை. அதனால் எதையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தே பழக்கம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, ஆடி மாதம். வேலூரிலிருந்து சித்தூருக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தேன். குடிபாலா தாண்டியதும் ஒரு எருமை ரோட்டின் குறுக்கே வந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முதுகெலும்பில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு எலும்பு நசுங்கிப்போனது.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். அசையாமல் என்றால் எப்படி என்று படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நானாகப் புரளக்கூடாது. ஒரு பக்கமாகவே கிடந்தால் புண் வந்துவிடும் என்பதால், நேரத்துக்கு நேரம் இரண்டு பேர் வந்து, தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர் பிடித்து, கட்டையைத் திருப்புகிற மாதிரி திருப்பிப் போடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி ரேவதியும் அவள் தம்பியும் அதைச் செய்தார்கள். மச்சான் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். இனி வாழ்க்கை முழுவதும் இப்படித்தானா என்று பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் நன்றாகவே பயந்தேன்.

அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'பெருமாளே, நானாகப் புரண்டு படுக்க வை. உன் கோயிலைப் புரண்டே சுற்றி வருகிறேன்.' அங்கப்பிரதட்சணம் என்று அதற்குப் பெயர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

எலும்பு கூடியது. எழுந்தேன், நடந்தேன், வேலைக்கும் போனேன். இதோடு முடிந்திருந்தால் இது எல்லோர் வீட்டிலும் நடக்கிற கதைதான்.

எனக்கு பைக் என்றால் உயிர். இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. வண்டி எடுக்காமல் இருந்த மாதங்களில் நான் வீட்டில் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்று ரேவதியைக் கேட்டால் சொல்வாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் டிராக் இருக்கிறது. சில நாட்களில் நம்மைப் போன்றவர்களையும் உள்ளே விடுவார்கள். அங்கே எருமை இல்லை, ஆட்டோ இல்லை, எதிரே வருகிற லாரி இல்லை. வளைவும் நாமும் மட்டும்தான். இனி ரோட்டில் பைக் தொடுவதில்லை, டிராக்கில் மட்டும் ஓட்டுகிறேன் என்றேன்.

டாக்டரைக் கேட்டதற்கு, "எலும்பு கூடிடுச்சி. ஓட்டுறதும் ஓட்டாததும் உங்க இஷ்டம். அதே எடத்துல இன்னொரு அடி பட்டா, நடக்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

ரேவதி நகரிக்காரி. தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள், சத்தம் போட்டுப் பேசித்தான் பழக்கம். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"வண்டிய விக்கச் சொல்லலங்க. முதுகுல அடிபட்ட எடம் மூடிக்கினு இருந்தா போங்க. இல்லன்னா வேணாம். ரெண்டாவது வாட்டி உங்கள பொரட்டிப் போட எனக்குத் தெம்பு இல்ல."

சென்னைக்குப் போய்க் கடையில் முதுகுக் கவசம் பார்த்தேன். ஜாக்கெட்டுக்கு உள்ளே பையில் செருகுகிற மெல்லிய நுரை அட்டை ஒன்று. அதே பையில் போகிற தடித்த அட்டை ஒன்று. மூன்றாவது, தனியாக முதுகில் மாட்டுவது: தகடு தகடாக அடுக்கி, தோளுக்குப் பட்டி, இடுப்புக்கு அகலமான பெல்ட். லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று தரம் வேறு. இரண்டில் அடி உள்ளே இறங்குவது குறைவு. எதுவானாலும் முதுகை ஒடித்து மடக்கிப்போடுகிற மாதிரி விழுந்தால் உத்தரவாதம் இல்லை என்று கடைக்காரரே சொன்னார். அந்த நேர்மை பிடித்தது, பயமும் கூடியது.

கூட வந்தவன் முரளி, சித்தூர்க்காரன், என்னோடு வேலை செய்கிறவன், டிராக்குக்கும் கூட வருகிறவன்.

"மாமா, ஜாக்கெட்லயே பேட் வருது பாரு, அது போதும். நம்ம ஊரு வெயில்ல பெல்ட்டெல்லாம் கட்டிக்கினு எவன் ஓட்டுவான்? வெந்து பூடுவ."

அவன் சொன்னதும் சரிதான். போட்டுப் பார்த்தபோது பெல்ட் மூச்சைப் பிடித்தது. நுரை அட்டை இருப்பதே தெரியவில்லை. நாள் முழுக்க அடுத்தவன் செய்த பாகத்தைப் பார்த்து சரி, தப்பு சொல்கிறவன், என் முதுகுக்கு எது சரி என்று சொல்ல முடியாமல் வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்த வாரம்தான் அங்கப்பிரதட்சணத்துக்கு டோக்கன் கிடைத்தது. டாக்டர் சிரித்துவிட்டு, மெதுவாக உருளுங்கள் என்றார். கல் குத்தும் என்று ரேவதி ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பினாள். குளத்தில் முங்கி எழும்போது கேட்டேன். 'புரள வைத்தாய், வந்துவிட்டேன். இன்னும் ஒன்று. எதைப் போடட்டும் என்று நீயே சொல்.' சாமியிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் கேட்டேன்.

ஈர வேட்டியோடு படுத்தேன். துண்டை நான்காக மடித்து, அடிபட்ட இடத்தில் வைத்து, வேட்டிக்குள் செருகியிருந்தேன். கோவிந்தா என்று முதல் உருளல். அடுத்த உருளலில் துண்டு வயிற்றுக்கு வந்துவிட்டது. கல் சரியாகப் பழைய இடத்தில் அழுத்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி செருகினேன், மறுபடி நழுவியது. பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல். ஓரத்தில் நின்ற தொண்டர் ஒருவர் குனிந்து சொன்னார்.

"நடுமுக்கி கட்டுக்கோண்டி சார், ஜாரிப்போதுந்தி."

இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள், நழுவிவிடும் என்று அர்த்தம். அவர் துண்டைப் பற்றித்தான் சொன்னார். துண்டை விரித்து, இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிந்தேன். அதன் பிறகு சன்னதியை முழுதாகச் சுற்றி முடிக்கும் வரை அது இம்மியும் நகரவில்லை. பழைய இடத்தில் கல் படவே இல்லை. எழுந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சும்மா செருகி வைத்தது, உருளும்போது உடம்போடு வராது. நான் தமிழில் கேட்டேன், பதில் தெலுங்கில் வந்தது. பெருமாளுக்கு இரண்டும் தெரியும்.

அடுத்த லீவில் கடைக்குப் போய், ஆள் உயரத்தைச் சொல்லி சைஸ் கேட்காமல், தோளிலிருந்து இடுப்பு வரை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். பழைய இடத்துக்குக் கீழேயும் நான்கு விரல் இறங்குகிற மாதிரி, லெவல் இரண்டு, பெல்ட் வைத்தது வாங்கினேன். முரளி தலையில் அடித்துக்கொண்டான்.

டிராக்கில் அதைக் கட்டிக்கொண்டு வெந்தேன் என்பது உண்மை. ஒவ்வொரு முறையும் கழற்றும்போது பனியனைப் பிழியலாம். இப்படியே சில மாதம் போனது.

போன மாசி மாதம் ஒரு வலது வளைவில் பின் டயர் வழுக்கி, உடனே பிடித்துக்கொண்டது. வண்டி என்னைத் தூக்கி எறிந்தது. முதுகு அடிக்க விழுந்து, ஓரத்துச் சரளைக்கல்லில் உருண்டேன். அந்த உருளல் எனக்குப் பழக்கமானது. நின்றபோது வானம் தெரிந்தது. கால் விரலை ஆட்டிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. ஓடி வந்த ஆட்கள் அசையாதீர்கள் என்றார்கள். அசையாதே என்ற அந்த வார்த்தைதான் என்னை உடைத்தது. ஆம்புலன்ஸில் ரேவதியைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவளுக்குத் தெம்பு இல்லை என்று சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ரேவதி திருப்பதி வீட்டிலிருந்து வந்து கதவருகே நின்றாள். திட்டவில்லை. இரண்டு பேர் வந்து, ஒருவர் தோளில், ஒருவர் இடுப்பில் கை வைத்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் டாக்டர் படத்தோடு உள்ளே வந்தார்.

"புதுசா ஒண்ணும் இல்ல. பழைய எடமும் நல்லா இருக்கு. விடுங்க, அவரே பொரளட்டும்."

அவர்கள் கையை எடுத்தார்கள். நான் புரண்டேன், சுவர்ப் பக்கமாக. அழுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் அந்தப் பக்கம் புரண்டேன். ரேவதி பார்த்துவிட்டாள்.

கவசத்தை முரளி எடுத்து வந்தான். இடுப்புக்குச் சற்று மேலே இருந்த தகடு குறுக்கே பிளந்திருந்தது. பெல்ட் கட்டின இடத்திலேயே இருந்ததாம். அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, உன்ன காப்பாத்துனது பெருமாளா, பெல்ட்டா?"

"பெல்ட்டு கட்டச் சொன்னது யாருடா?" என்றேன். இப்போது அவனும் பெல்ட் வைத்ததுதான் கட்டுகிறான், வெந்தாலும்.

பிளந்த கவசம் இனி உதவாது. ரேவதி அதைத் தூக்கிப் போடவில்லை. துடைத்து, பிளவுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, சாமி அலமாரிக்குக் கீழே நிறுத்தியிருக்கிறாள். புதிதாக வாங்கியதை டிராக்குக்குப் போகும் நாளில் அவளே இழுத்துக் கட்டிவிடுகிறாள். நான் கட்டுவதைவிட இறுக்கமாகவே கட்டுகிறாள்.

அன்பர்களே, நான் பெரிய பக்தன் இல்லை. கேட்டேன், கிடைத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்களும் கேளுங்கள். இதைப் போய்ச் சாமியிடம் கேட்பதா என்று கூசாதீர்கள். பதில் யார் வாயிலிருந்தும் வரலாம், எந்தப் பாஷையிலும் வரலாம். வந்தால் சொன்னபடி செய்யுங்கள்.

இன்று காலையில் விழிப்பு வந்ததும், கண்ணைத் திறக்காமலே வலது பக்கம் புரண்டு படுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கோவிந்தா.