ஸ்பிரிட் போட்ட கையில் திருநீற்று விரல்

குறைமாதத்தில் பிறந்த என் மகளின் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருப்பதாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது.

“பாப்பா நல்லா பால் குடிக்குது. இது ரத்தத்துல இருந்தது இல்ல, தோல்ல இருந்து ஊசியோட கலந்து வந்த கிருமி மாதிரி தெரியுது. ரத்தம் எடுக்கறப்ப யாராவது கை வச்சீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

என் நாத்தனார் கூசாமல் சொன்னார்: “நர்சம்மா ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டு ஊசி எடுக்கத் திரும்புனாங்க. நான் துண்ணூறு வெரலால அந்த எடத்தத் தடவி வுட்டேன்.”

“அதுக்கு நெத்தி இல்லியா அண்ணி?” என்று கத்தியே விட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று, கிருமிக்காகப் போட்ட மருந்தை நிறுத்தாமல், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க அந்தப் பிஞ்சுக் கையில் மறுபடி குத்தினார்கள். இம்முறை கிருமி வளரவில்லை.

“பாத்தியா, துண்ணூறு கைவுடல” என்கிறார் நாத்தனார்!

இப்போதெல்லாம் பாப்பாவுக்கு ஊசி என்றால், முதலில் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறேன்.