வெள்ளைத் துணிக்கு முன்னால்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஸ்டூடியோக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் இருந்தது. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரு குறுகலான மரப்படி. அந்தப் படியில் ஏறி இறங்கியதைத் தவிர அவர் பெரிதாக எங்கும் போனதில்லை. ஆனாலும் நாடு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் பதில் சொல்லாமல் விட மாட்டார்.

"பேப்பர்ல என்ன இருக்கு? என் ஸ்டூல்ல யார் வந்து உட்கார்றாங்கன்னு பாருங்க, போதும்" என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் விஷயம் இருந்தது. நல்ல காலத்தில் கல்யாண ஜோடிகளும் தவழும் குழந்தைகளும் வருவார்கள். தேர்தல் நெருங்கினால் தாடையைத் தூக்கிக்கொண்டு தொலைவில் எதையோ பார்ப்பவர்கள் வருவார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, சுவரில் பல்லிதான் இருக்கும். விலைவாசி ஏறினால் "படம் எட்டு காப்பி வேண்டாம், நாலு போதும்" என்பார்கள். எல்லாம் கெட்டுப்போனால் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காருவார்கள், பாஸ்போர்ட் படத்துக்கு. அந்தத் துணியில் ஒரு மடிப்பு தெரிந்தாலும் ஆபீஸில் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவருடைய மனைவி தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, கீழே கொண்டுவந்து தொங்கவிடுவாள். கடையில் அவளுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சிறுவனாக இருந்தபோது நாட்டில் ஒரு கெட்ட காலம் வந்து மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போயிருக்கிறது. பணம் வெறும் காகிதமானது. கடைக்குக் கடை தலைவர் படம் மாட்டச் சொன்னார்கள். ஆட்கள் காணாமல் போனார்கள். அப்போது அவருடைய அப்பா இதே கடையை வாடகைக்கு வைத்திருந்தார். முதலில் அந்தக் காலத்துப் பல் டாக்டர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார், பிறகு பெரிய கடைக்காரர்கள், பிறகு வாத்தியார்கள். கடைசியில் அப்போதிருந்த பேக்கரிக்காரனும் போனான். அப்பா போகவில்லை. கட்டடத்துக்காரர் ஓடும்போது அடிமாட்டு விலைக்குக் கடையையும் வீட்டையும் அப்பாவுக்கே விற்றுவிட்டுப் போனார். பிறகு காலம் மாறியது. போனவர்கள் பெட்டியோடு திரும்பி வந்து, சொந்த வீட்டு வாசலில் நின்று, உள்ளே குடியிருப்பவனிடம் கெஞ்சினார்கள்.

இதிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒரு பாடம் படித்து வைத்திருந்தார். ஸ்டூலில் உட்காருபவர்களின் தாடையைத் திருப்பிக்கொண்டே அதை அவர்களுக்கும் சொல்லுவார்.

"வெள்ளம் வரும், வடியும் சார். ஓடினவன் திரும்பி வந்து பார்த்தா அவன் கட்டில்ல வேற ஒருத்தன் குறட்டை விட்டுட்டிருப்பான். பேசாம உட்கார்ந்திருக்கறவனுக்குத்தான் ஊரு."

சரித்திரம் என்றால் நமக்கெல்லாம் அப்படித்தான். எந்த ஜன்னலில் இருந்து பார்த்தோமோ அந்த ஜன்னலில் தெரிந்ததுதான் நடந்தது என்று சத்தியம் செய்வோம்.

இந்தமுறை ரொட்டியில் ஆரம்பித்தது. விலையை ஏற்றக் கூடாது என்று உத்தரவு, அதனால் ரொட்டி சிறுத்துக்கொண்டே போனது. வானொலியில் பொருளாதாரம் ஓஹோ என்று இருந்தது. அதற்குப் பிறகு கடைக்குக் கடை புதிய தலைவரின் படம் மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் படத்தை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு விற்றவர் நம் ஸ்டூடியோக்காரர்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நல்ல வியாபாரம். பிறகு ஒருநாள் பல் டாக்டர் குடும்பத்தோடு வந்து வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஸ்டூடியோக்காரருக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. படம் எடுத்தார், வெட்டினார், உறையில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் வேறு ஆட்கள். முன்பெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது "சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். சில மாதங்களாக அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அதையும் அவர் கவனிக்கத்தான் செய்தார். கவனித்து என்ன, கை பாட்டுக்கு வேலை செய்தது.

அவருடைய மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை. துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த மகள் அந்த வாரமே புருஷனையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வெளிநாட்டில் மாப்பிள்ளையின் அண்ணன் இருந்தார். குடும்பத்தோடு வரவழைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்.

"அப்பா, உங்க ரெண்டு பேர் போட்டோவும் எடுத்து வைங்க. இவரோட அண்ணன் இருக்கற நாட்டுல வெள்ளிக்கிழமையோட குடும்ப மனு வாங்கறத நிறுத்தறாங்க. அதுக்கப்புறம் அப்பா அம்மான்னு சொன்னாக்கூடச் சேர்த்துக்க மாட்டாங்களாம்."

"பார்க்கலாம்மா."

"பார்க்கறதுக்கு என்னப்பா இருக்கு?"

"நானும் அம்மாவும் இங்கயே இருந்துப்போம். நீங்க போய்ட்டு வாங்க. இதெல்லாம் எத்தனை பார்த்தாச்சு!"

மகள் மாடிப்படியைப் பார்த்தாள். மேலே அம்மா நடமாடும் சத்தம் கேட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறகு மாப்பிள்ளை. கடைசியாகப் பேத்தியை உட்கார வைத்தபோது அது தாத்தாவைப் பார்த்துக் கன்னம் குழியச் சிரித்தது.

"சிரிக்காதே கண்ணு."

"ஏன் தாத்தா?"

"சிரிச்சா உள்ளே விடமாட்டாங்க."

குழந்தை உடனே வாயை மூடிக்கொண்டது. படம் நன்றாக வந்தது.

புதன்கிழமை பேக்கரிக்காரன் வந்தான். மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார், எல்லோரும். பேக்கரிக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்தால் ஊர் முடிந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவர் நம் ஆள்தான். அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்:

"பேக்கரிக்காரன் வந்திருந்தான். மச்சினிக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துட்டு வந்துடுவான்."

"மாமியாரையும் கூட்டிட்டா?"

"மகளைப் பார்க்கணும்னு இருக்காதா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலையில் துணியை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள். தொங்கவிட்டாள், ஓரத்தை இழுத்துவிட்டாள். மேலே போவாள் என்று அவர் நினைத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கி, தாடையை நேராக்கி, கேமராவைப் பார்த்தாள். எப்படி உட்கார வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்ன இது?" என்றார்.

"எனக்கும் எடுங்க. நாளைக்குத்தான் கடைசி நாள்."

"நாம போகலைன்னு சொல்லியாச்சே."

"நீங்க சொன்னீங்க."

அவர் வழக்கமான கதையை ஆரம்பித்தார். வெள்ளம் வரும், வடியும். அப்பா தங்கினார். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். ஆயிரம் தடவை கேட்ட கதைதான்.

"உங்க அப்பா தங்கினார், கடை கிடைச்சுது" என்றாள். "எங்க அப்பாவும் இதையேதான் சொன்னார். எல்லாம் வடிஞ்சிடும்னார். தங்கினோம். ரெண்டு பேர் வந்து அண்ணனைக் கூப்பிட்டாங்க. டீ குடிச்சிட்டிருந்தவன், டம்ளரை வெச்சிட்டு இதோ வந்துடறேன்னு போனான். அவன் சட்டை கொடியில காஞ்சிட்டிருந்துச்சு. எங்கம்மா சாகற வரைக்கும் அந்தச் சட்டையைத் துவைச்சுத் துவைச்சு இஸ்திரி போட்டு வெச்சா. வெள்ளம் வடிஞ்சுதுதான், நான் இல்லைன்னு சொல்லலை. யாரெல்லாம் அதுல போனாங்கன்னு உங்க கதையில வர்றதே இல்லை."

மச்சான் ஒருவர் காணாமல் போனது அவருக்குத் தெரியாதா என்ன? கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தார்கள். ஐயோ பாவம் என்று சொல்லியும் இருந்தார். ஆனால் அந்த மூன்று வருஷத்தைப் பற்றிப் பேசியபோது ஒருநாள்கூட அந்த மனுஷர் அவர் வாயில் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் எங்கோ தூரத்தில்தான் இருந்தது.

கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"கொஞ்சம் நிமிருங்க" என்றார், வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது போல. சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. அவள் நிமிர்ந்தாள். சிரிக்காதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எடுத்து முடிந்ததும் அவள் எழுந்து வந்தாள். "இப்ப நீங்க உட்காருங்க. எதை அமுக்கணும்னு காட்டுங்க, நான் எடுக்கறேன்."

"கடையை யார் பார்த்துக்கறது?"

வாசலில் அடுத்த குடும்பம் வந்து நின்றது. அவள் மேலே போனாள். அன்று முழுக்க அந்த ஸ்டூல் காலியாகவே இல்லை.

வெள்ளிக்கிழமை போனது. சில வாரம் கழித்து மகள் குடும்பமும் மனைவியும் போனார்கள். ஊரே போய்க்கொண்டிருந்ததால் பஸ் நிலையத்தில் நின்று அழக்கூட இடமில்லை. "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றாள் மனைவி. அவர் "ம்" என்றார். பேத்தி ஜன்னல் வழியாகக் கையசைத்தது. சிரிக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்ததோ.

அடுத்த வாரம் மருந்துக் கடைக்காரர் உறையோடு திரும்பி வந்தார்.

"அண்ணே, பாஸ்போர்ட் ஆபீஸ்ல படத்தைத் திருப்பிட்டாங்க. பின்னாடி மடிப்பு தெரியுதாம்."

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். மருந்துக் கடைக்காரரின் தலைக்குப் பின்னால் ஒரு கோடு நேராக ஓடியது. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, துணியைக் கழற்றிக்கொண்டு மேலே போனார். அலமாரியில் தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார். சின்ன வயதிலிருந்து குடியிருக்கும் வீட்டில் இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"சமையலறைக் கதவுக்குப் பின்னால பாருங்க" என்றாள். "தண்ணி நல்லாத் தெளிங்க. ஓரத்துல இருந்து ஆரம்பிக்கணும்."

"சரி."

"சாப்பிட்டீங்களா?"

"பேக்கரி மூடிட்டான்."

பிறகு லைன் போய்விட்டது, இல்லை அவள்தான் வைத்துவிட்டாளோ.

துணியை இஸ்திரி போட்டார். ஒரு முனை லேசாகக் கருகியது. கீழே கொண்டுபோய்க் கருகல் தெரியாதபடி தொங்கவிட்டார். கடையில் ஒருவரும் இல்லை. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிற சாக்கில் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். தாடையை நேராக வைத்துக்கொண்டார். இரண்டு காதும் தெரிந்தன. வாய் மூடியே இருந்தது. கேமராவில் தானாகப் படம் எடுக்கிற வசதி உண்டு. அது அவருக்குத் தெரியாதது இல்லை. எடுத்து இனிமேல் எந்த ஆபீஸில் கொடுப்பது?