ஓடும் எழுத்தை நான் எடுத்த வாரம்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி. லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலைக்கு மேல் ஒரு திரை தொங்கும். அங்கே செய்ய வேண்டிய வேலை படிப்படியாக அதில் தெரியும். அவையெல்லாம் இணையப் பக்கங்கள்தான், கம்பெனிக்குள் மட்டும் திறப்பவை. அவற்றைக் காட்டிக்கொண்டிருந்த பழைய பிரவுசரை இனி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. மாத முடிவுக்குள் எல்லாப் பக்கங்களையும் புதிய முறைக்கு மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்று என்னைக் கைகாட்டினார்கள். என் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடுதான் முடிய இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பென்னலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஆன்ட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். பஸ் கிளம்பியதும் கேஸை மூடினேனா என்று சந்தேகம் வரும். மூடியிருப்பேன். மூடும்போதே மூன்று முறை தொட்டுப் பார்ப்பவள் நான். இருந்தாலும் ஆன்ட்டிக்கு போன் செய்து, மேலே போய்ப் பார்க்கச் சொல்வேன். "மூடித்தான் கீது. நேத்தும் மூடித்தான் இருந்துச்சு," என்பார். அவர் குரலில் சலிப்பு இருந்ததா என்று அடுத்த நிறுத்தம் வரை யோசிப்பேன்.

பிரைமர் ஸ்டேஷனின் பக்கத்தைத் திறந்து உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஒரு சொல்லைத் தலைப்பாகக் காட்ட வேண்டுமானால் அதன் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் ஒரு குறி போடுவோம். பிரவுசர் அந்தக் குறியைப் படித்துக்கொண்டு சொல்லை மட்டும் காட்டும். எச்.டி.எம்.எல். என்று நாங்கள் கல்லூரியில் படித்தது அடிப்படையில் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பில் பல கைகள் பல வருடங்களாக வேலை செய்திருந்தன. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரலாறு முழுவதும் ஒரே கோப்பில் அடுக்கடுக்காகக் கிடந்தது.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானிகள் தங்களுக்குள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய மொழி அது. அதற்கு முன்பே அச்சு வேலைக்கும் பெரிய ஆவணங்களுக்கும் குறியிடும் கனமான முறை ஒன்று இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். தலைப்பு எது, பத்தி எது, எதைத் தொட்டால் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று சொல்லச் சில குறிகள், அவ்வளவே. எழுத்து என்ன நிறம் என்று சொல்ல அதில் வழியே கிடையாது. பிறகு வெளியுலகம் உள்ளே வந்தது. பிரவுசர் செய்யும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு குறியைச் சேர்த்தன. ஒன்று எழுத்தை மினுக்க வைத்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று எழுத்தை ஓட வைத்தது. நிறத்துக்கு ஒரு குறி வந்தது. அட்டவணைக்காக வந்த குறியை வைத்து மொத்தப் பக்கத்தையும் கட்டம் கட்டி அடுக்கினார்கள். எது தலைப்பு என்று யாருக்கும் கவலை இல்லை. பெரிதாகத் தெரிந்தால் போதும்.

இதைச் சரிசெய்யத்தான் தோற்றத்தைத் தனிக் கோப்பில் வை என்று சி.எஸ்.எஸ். வந்தது. அதோடு விடவில்லை. எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்று கண்டிப்பான ஒரு வடிவத்தையும் கொண்டுவந்தார்கள். அதை முறைப்படி அனுப்பினால், ஒரு குறியை மூட மறந்தாலும் பக்கமே திறக்காது, பிழைச் செய்திதான் வரும். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான். சரியென்றால் பக்கம் தெரியும், தப்பென்றால் தெரியாது. நடுவில் நின்று தவிக்க வேண்டியதில்லை. ஆனால் உலகம் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே தப்பும் தவறுமாக எழுதிக் கிடக்கும் கோடிப் பக்கங்களை என்ன செய்வது என்று கேட்டு பிரவுசர்க்காரர்களே தனியாக உட்கார்ந்தார்கள். தப்பாக எழுதிய பக்கத்தையும் எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி எப்படிக் காட்ட வேண்டும் என்பது வரை எழுதிவைத்தார்கள். இன்று நாம் பயன்படுத்துவது அந்த வழியில் வந்ததுதான். பழைய குறிகள் பலவற்றை இனி எழுதாதே என்றார்கள். எழுதியிருந்தால் காட்டுவோம் என்றும் சொன்னார்கள்.

எனக்கு முதல் பாதி மட்டும்தான் நினைவில் நின்றது.

அந்தப் பக்கத்தின் அடியில் வலமிருந்து இடமாகச் சிவப்பில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. 'கையுறை அணியவும். பிரைமர் காயும் முன் டேப் ஒட்ட வேண்டாம்.' மார்க்யூ என்ற பழைய குறி. கல்யாண மண்டப வாசலில் ஓடும் விளக்குப் பலகை போல எனக்குத் தோன்றியது. அதற்கு மேலே, பிரவுசர் காட்டாமல் விட்டுவிடும் குறிப்பு ஒன்று இருந்தது. எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்: "ஸ்பீடு மாத்தாதீங்க. ஸ்டேஷன் அக்காங்க இதத்தான் பாக்குறாங்க."

படித்தேன். படிக்கவில்லை என்று இன்றுவரை நான் சொன்னதில்லை. வேகமாக ஓடினால் வாசிக்க முடியாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என எடுத்துக்கொண்டேன். ஓடும் வரியையும் குறிப்பையும் சேர்த்து அழித்தேன். அதே வாசகத்தைப் பக்கத்தின் மேலே, அசையாமல், தடித்த எழுத்தில் வைத்தேன். பிழை பார்க்கும் கருவியில் போட்டேன். ஒரு பிழைகூட இல்லை என்று பச்சையில் வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் பச்சை. அன்று பஸ்ஸில் கேஸைப் பற்றி நினைக்காமலே வீட்டுக்குப் போனேன்.

புதிய பக்கங்கள் லைனுக்குப் போன நாளில் குழந்தைக்குக் காய்ச்சல். ஆன்ட்டியின் அழைப்பை எதிர்பார்த்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு போனேன். பிரைமர் ஸ்டேஷனில் நின்ற பெண், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், கீழ ஓடிக்கிட்டு இருந்துச்சே எழுத்து, அது எங்க போச்சு?"

"அது பழசும்மா. இப்பல்லாம் அதைப் போடக் கூடாது. மேல பெருசா போட்டிருக்கேன் பாரு."

"நல்லாத்தான ஓடுச்சு? நிக்க வச்சுட்டீங்களே."

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். "அதுக்கும் ஓடி ஓடிக் கால் வலிச்சிருக்கும்லா."

நானும் சிரித்தேன். போன் அடித்தது. ஆன்ட்டிதான், காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடித்தாள் என்றார். நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டேப் பிரியத் தொடங்கியது. ரப்பரைப் பிரைமர் என்ற திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த பிறகு இருபக்க டேப்பை ஒட்டி, உருளையால் அழுத்த வேண்டும். காயும் முன் ஒட்டினால் அப்போது பிடித்த மாதிரி இருக்கும், பிறகு முனையில் எழும்பிவிடும். இரண்டு நாள் சரக்கு முழுவதையும் நிறுத்தி, சிவப்பு அட்டை கட்டித் தனியே வைத்துவிட்டார்கள். கேன்டீனில் லைன் சூப்பர்வைசர் எங்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ரெண்டு பொண்ணுங்க, பேசிகினே அவசரமா ஒட்டித் தள்ளிக்கீதுங்க. காயவே வுடல. நாளைக்கு மீட்டிங்ல சொல்லிட்டு ஊருக்கு அனுப்பிடலாம்னு கீறேன்."

"முன்னாடி இப்படி ஆனதில்லையா?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம், முன்னாடி ஆயிருந்தா முன்னாடியே அனுப்பிருக்க மாட்டேனா?"

முன்னால் ஆகவில்லை. இந்த வாரம்தான் ஆனது. இந்த வாரம் மாறியது என்ன? சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு லைனுக்குப் போனேன்.

அந்தத் திருநெல்வேலிப் பெண் அழுது முடித்திருந்தாள், முகம் கழுவிய ஈரம் இருந்தது. எவ்வளவு நேரம் காய விடுவாய் என்று கேட்டேன்.

"ரெண்டு ஓட்டம், மேடம்."

"அப்படின்னா?"

"அந்தச் செவப்பு எழுத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவும்லா. துடைச்சு வச்ச ஒடனே பாக்கணும். அது ரெண்டு தடவ போய் முடிஞ்சா டேப்பு. எனக்கு முன்ன இருந்த அக்கா அப்படித்தான் சொல்லித் தந்தாவ. லைன்ல நிக்கவங்க வாட்ச்சு, போனு ஒண்ணும் உள்ள கொண்டுவரக் கூடாதுல்லா? இப்ப நாங்களா மனசுல எண்ணுதோம். எண்ணிக்கிட்டு இருக்கும்போதே அடுத்த பீஸ் வந்துருது."

சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னாயா என்றேன்.

"சொன்னேன். எழுத்தப் பாத்தா வேல செய்ற, படம் ஓட்டுதாங்களான்னு கேட்டாரு."

வேலை முறைத் தாளில் 'காய்ந்த பின்' என்று மட்டும்தான் இருந்தது. எத்தனை நொடி என்று எவரும் எழுதியிருக்கவில்லை. அந்த ஓட்டத்தின் வேகத்தை மாற்றாதே என்று எழுதியிருந்த ஒரே இடம் அந்தக் குறிப்பு. அதை நான் அழித்துவிட்டேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு ஆலையில் வேலை செய்பவர், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எழுத்தை எடுத்ததால டேப் பிரிஞ்சுதுன்னு சொன்னா சிரிப்பாங்க. இந்த மாசம் ரினீவல் வேற. நீ ஏன் போய் மாட்டிக்கிற?"

"அந்தப் பொண்ணை அனுப்பிடுவாங்க."

"உன்னை அனுப்பினா?"

அவர் போன பிறகு, மாற்றும் முன் எடுத்து வைத்திருந்த பழைய பக்கத்தின் நகலை லேப்டாப்பில் திறந்தேன். இன்றைய பிரவுசரிலும் அந்த வரி ஓடியது. எழுதாதே என்று எப்போதோ சொல்லிவிட்ட குறி, எதுவும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. போனில் நேரம் பார்த்தேன். குழந்தை மடியில் உட்கார்ந்து, எழுத்துகள் போகும் பக்கமெல்லாம் விரலை வைத்துக்கொண்டே போனாள். அவை ஓரத்தில் மறைந்ததும் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எனக்கு வந்த நேரத்தை எழுதினேன், உடனே கோடு போட்டு அடித்தேன். என் திரையின் அகலம் வேறு, ஸ்டேஷன் திரையின் அகலம் வேறு. அகலம் மாறினால் ஓட்டத்தின் நேரமும் மாறும். இந்தக் கணக்கு எனக்கு ஒன்றுக்கும் உதவாது. ஒருவேளை காரணமே வேறாக இருந்தால்? பிரைமர் கெட்டுப்போயிருந்தால்? நான் போய் ஒப்புக்கொண்ட பிறகு அப்படித் தெரிந்தால்? குழந்தையைத் தூங்க வைத்தபடி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் குறிப்பைப் பற்றிச் சொல்லாமலே பேச முடியுமா என்றும் பார்த்தேன். முடியும் என்றுதான் தோன்றியது. நகல் என்னிடம் மட்டும் இருந்தது.

மறுநாள் மீட்டிங், லைன் ஓரமாகப் பலகை முன்னால் நின்றபடி. சூப்பர்வைசர் இரண்டு பெயர்களையும் சொல்லி முடித்ததும், நான் கையைத் தூக்கினேன். மாற்றியது நான் என்றேன். ஓடும் எழுத்து, இரண்டு ஓட்டம், எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொன்னேன்.

"இன்னா மேடம், காமெடி பண்றீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "ரெண்டு ஓட்டம்னு எந்த டாக்குமென்ட்லயாவது இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு முன்னாடி இருந்தவர் இதத்தான் பாக்குறாங்க, ஸ்பீடை மாத்தாதீங்கன்னு பக்கத்துக்குள்ள எழுதிவச்சிருந்தார் சார். நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் அழிச்சேன்," என்று சொல்லி, நகலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன்.

மேனேஜர் குனிந்து அதை வாசித்தார். பிறகு சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். பழைய பக்கத்தை ஸ்டேஷன் திரையில் போட்டு, அந்தப் பெண் இரண்டு ஓட்டம் விட்டுச் சில துண்டுகள் ஒட்டினாள். எழுத்தை நிறுத்திவிட்டு, மனக்கணக்கில் சில ஒட்டினாள். அவளுடைய மனக்கணக்கு பாதியிலேயே முடிந்துவிடுவதை இன்ஜினியர் ஸ்டாப்வாட்சில் காட்டினார். மதியம் இழுத்துப் பார்த்தபோது முதல் வகை பிடித்துக்கொண்டிருந்தது, இரண்டாவது கையோடு வந்துவிட்டது.

பெண்கள் இருவரும் தங்கினார்கள். எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். மாற்றம் செய்யும் முன் லைனில் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. அதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு நீட்டினார்கள்.

வேலை முறைத் தாளில் இப்போது நொடிக் கணக்கு ஏறிவிட்டது. நான் அந்தப் பக்கத்தில் இறங்குமுகமாக எண்ணும் பெரிய எண் ஒன்றைப் புதிய முறையில், ஒழுங்காக எழுதிச் சேர்த்தேன். ஓடும் வரியையும் திரும்ப வைத்தேன், அதே வேகத்தில். அதற்கு மேல் பழைய குறிப்பை எழுத்து மாறாமல் போட்டு, காரணத்தையும் கீழே எழுதினேன். பிழை பார்க்கும் கருவி அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் சிவப்பு காட்டுகிறது. பார்க்கும்போது இன்னும் கை பரபரக்கத்தான் செய்கிறது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அந்த ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறேன். அவள் துடைத்து வைத்துவிட்டு, கையைத் தூக்கிப் பிடித்தபடி திரையைப் பார்க்கிறாள். என் எண்ணை அவள் பார்ப்பதில்லை. சிவப்பு எழுத்தைத்தான் பார்க்கிறாள்.

"மேடம், ஓடுதா ஓடுதான்னு தினம் வந்து பாக்கீங்களே. எங்கயும் போவாது, நான் பாத்துக்கிடுதேன்."

"சும்மாத்தான் வந்தேன்."

"சரி, நில்லுங்க. ரெண்டு ஓட்டம் பாத்துட்டுப் போங்க."

நிற்கிறேன். இரண்டாவது முறை எழுத்து ஓரத்தில் மறைந்ததும் அவள் கை டேப்புக்குப் போகிறது. அதைப் பார்த்த பிறகுதான் ஆன்ட்டிக்கு போன் செய்கிறேன்.