நத்தை இருந்த கதவு

எங்கள் வீட்டு முன் கதவு ஒரு குடையால் விழுந்தது.

மழையில் நனைந்து வந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குடையைக் கதவில் இருந்த ஆணியில் மாட்டினார். ஆணி பலகைக்குள் புதைந்தது. பிறகு கதவே கீலைவிட்டுக் கழன்று, தூக்கம் வந்த குழந்தையைப் போல அவர் தோளில் சாய்ந்தது. உள்ளே மரம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. கதவுக்குப் பின்னால் அப்பா வெங்காய மூட்டைகளை அடுக்கி வைப்பது வழக்கம். அந்த மறைவில் கறையான் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, வருடா வருடம் அப்பா அடித்த பச்சைப் பெயிண்டை மட்டும் விட்டு வைத்திருந்தது.

"குடைக்கு ஒண்ணும் ஆகல மச்சான்" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. கதவு எங்களுடையது அல்ல.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அதற்குப் பின் தெருவில் பழைய காலத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரியை நாங்கள் நோனா என்போம். வயதான சிங்களப் பெண்மணி. மகனோடு பண்டாரவளையில் இருந்தார். வீட்டைக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அவருடைய அப்பா ஆசையாகச் செய்வித்த முன் கதவை மட்டும் மாற்றக் கூடாது.

மகனுக்கு எங்களைக் கிளப்பிவிட்டு, வீட்டை இடித்து, வரிசையாகக் கடைகள் கட்ட ஆசை. நோனாதான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "நல்லா வச்சிருக்காங்க, இருக்கட்டும்" என்பது அவர் பேச்சு. வருடத்தில் ஒருமுறை, சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால், வாழைப்பழமும் கெவுங் பலகாரமும் எடுத்துக்கொண்டு மகனோடு வீட்டைப் பார்க்க வருவார். அதற்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

எனக்கு அப்போது எட்டு வயது. என் கவலை வேறு. கதவின் உட்பக்கம், கீழ் மூலையில், யாரோ ஆணியால் கீறிய நத்தை ஒன்று இருந்தது. சுருண்ட ஓடு, நீட்டிய கழுத்து. பல தடவை பெயிண்ட் அடித்தும் அது மறையவில்லை. தரையில் உட்கார்ந்தால்தான் கண்ணில் படும் என்பதால் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கூச்ச சுபாவம் உள்ள எனக்கு, ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த நத்தையை விரலால் தடவுவது பழக்கமாக இருந்தது. முற்றத்தில் குவித்த துண்டுகளில் அதைத் தேடிப் பார்த்தேன். கை வைத்த இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது.

கதவு தேடும் வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். ஆறு கட்டம் போட்ட, ஓரத்தில் இழைப்பு வேலை செய்த பழைய கதவு வேண்டும். புதிதாகச் செய்யத் தச்சு வேலை பாஸ் சொன்ன கூலியைக் கேட்டு அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். மாமா வாசல் நிலையைச் சணல் கயிற்றால் அளந்து, உயரத்துக்கு ஒரு முடிச்சும் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்குப் பஸ் ஏறினார். அங்கே பழைய மரம் விற்கும் ஓர் இடத்தில் கதவு இருந்ததாம். அளந்து பார்க்கக் கயிறுதான் இல்லை. போகிற வழியில் சந்தையில் வெங்காயத் தாள் போன்ற லீக்ஸ் மலிவாகக் கிடைத்ததால் அந்தக் கயிற்றால் அதைக் கட்டியிருந்தார்.

"அவுத்து அளக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா.

"அவுத்தேங்க்கா. முடிச்சையும் சேத்து அவுத்துட்டேன்."

"சரி, கண்ணளவுலயாவது ஒண்ணு கேட்டியா?"

"கேட்டேன். அலங்காரத்துக்கு ஓட்டல்காரங்க வாங்குற வெலை சொல்றான். நம்ம லீக்ஸோட வந்துட்டேன்."

அந்த வாரம் முழுவதும் லீக்ஸ் சாப்பிட்டோம். வாசலில் ஒரு பழைய போர்வை தொங்கியது. அப்பா அதைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கதவு கடைசியில் கடைக்கே வந்தது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தவள், அப்பாவும் மாமாவும் பேசுவதைக் கேட்டு நின்றாள்.

"கதவா தேடுறீங்க மொதலாளி? எங்க லயத்துக் காம்பிராவுல ஒண்ணு கெடக்குங்க. தோட்டத்துக் கிளாக்கர் ஐயா பங்களாவ இடிச்சப்ப எங்க வூட்டுக்காரரு வெறகுக்குத் தூக்கியாந்தது. வெட்ட மனசு வராம வச்சிட்டோம்."

"பச்சையா?" என்றார் மாமா.

"ஆமாங்க. கட்டம் கட்டமா இருக்கும். செங்கல் மேல போட்டு புள்ள அதுலதான் படுத்துக்கிது."

மாமா போய்ப் பார்த்துவிட்டு, இந்த முறை கயிற்றோடு திரும்பினார். நம் கதவின் அண்ணன் தம்பி போல இருக்கிறது என்றார். அவள் விலை என்ன கேட்டாள் என்று அப்பா கேட்டார். மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவின் காதில் ஏதோ சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் ஒருவரின் லொறியில் புறப்பட்டோம். லொறியின் பின்னால் என் கட்டிலையும் ஏற்றினார்கள். கட்டிலும் எங்களோடு ஊர் பார்க்க வருகிறது என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில், ஒற்றை அறையான அந்தக் காம்பிரா ஒரே இருட்டாக இருந்தது. அடுப்புப் புகையில் கண் எரிந்தது. கதவு சுவரோரமாகச் செங்கல் அடுக்குகள் மேல் கிடந்தது. கட்டங்களின் பள்ளங்களில் சாக்கை மடித்து நிரப்பி, மேலே ஒரு புடவை விரித்திருந்தார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி அதன் நடுவில் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

அப்பா சட்டைப் பையில் கை விட்டார். அவளுடைய அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "காசு வேணாங்க. காசு ஒரு வாரத்துல போயிரும். இது போனா புள்ள தரையில படுக்கணும். குளிர் தாங்காது. அன்னிக்கே தம்பிகிட்ட சொன்னேனே, படுக்க ஒண்ணு குடுங்க, கதவ எடுத்துக்கங்கன்னு."

அப்போதுதான் லொறியிலிருந்து என் கட்டிலை இறக்கினார்கள். எனக்கு விஷயம் விளங்கி, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் தூக்கியதும் அதன் அடிப்பக்கம் தெரிந்தது. அந்தச் சின்னப் பெண் கதவுக்குக் கீழே படுத்துக்கொண்டு ஆணியால் கீறியிருக்கிறாள். கோழி, மலை, ஜன்னல் வைத்த பெரிய பஸ். பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. அவள் என் அருகில் வந்து மெதுவாக, "பஸ்ஸ மட்டும் அழிச்சிராத" என்றாள்.

"கழுத, கட்டில் வந்திருக்கு. ஒனக்கு பஸ் என்னாத்துக்கு?" என்று அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

பாஸ் வந்து கதவின் அடியைக் கொஞ்சம் சீவி நிலையில் பொருத்தினார். பழைய பித்தளைப் பூட்டையே மாட்டினார். தெருவிலிருந்து பார்த்தால் அதே கதவு. பஸ் மட்டும் அப்பா அடித்த இரண்டு பூச்சுக்கும் மறையாமல் வீட்டுக்குள்ளே நின்றது.

நோனா வந்த அன்று அம்மா தேநீருக்கு இரண்டு முறை சீனி போட்டாள். மகன் உள்ளே வரும்போதே நின்றுவிட்டார். விரலால் கதவைத் தட்டினார். ஒரு இடத்தில் தட்டி, இன்னோர் இடத்திலும் தட்டி, தாயிடம் சிங்களத்தில் சொன்னார். தெருப் பிள்ளைகளோடு விளையாடிய பழக்கத்தில் எனக்கு அது விளங்கியது.

"அம்மா, இது நம்ம கதவு இல்லை."

அப்பா சுவரைப் பார்த்தார். மாமா குடையைப் பார்த்தார்.

நோனா கதவை அரைவாசி சாத்தினார். உட்பக்கம் வந்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெல்ல மடித்துக் குனிந்தார். கீழ் மூலையை விரலால் தடவினார். நத்தை இருந்த அதே இடம். அங்கே தடவி, சற்று மேலே தடவி, மறுபடியும் அங்கேயே தடவினார். இவருக்கு எப்படி நத்தையைத் தெரியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பிறகு அவர் கண் பஸ்ஸில் விழுந்தது. "இது யாரு கீறினது?" என்று தமிழில் கேட்டார்.

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இவதாங்க நோனா. எவ்வளவு அடிச்சாலும் கேக்க மாட்டா" என்று என் காதைத் திருகினாள்.

நோனா என்னை நிமிர்ந்து பார்த்தார். பஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "அடிக்க வேணாம். கதவு இருந்தா புள்ளைங்க கீறும்தானே" என்றார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். மகனிடம் சிங்களத்தில் திரும்பினார். "அப்பாவுடைய கதவுதான். பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அதனால் உனக்கு அப்படித் தெரிகிறது. இவர்கள் இருக்கட்டும்."

எனக்கென்று ஒரு கெவுங்கைத் தனியாக எடுத்துக் கொடுத்தார்.

நான் சிங்களம் எழுதப் படித்தது அதற்குப் பிறகுதான். நோனா இறந்தபோது அப்பா என்னையும் பண்டாரவளைக்கு அழைத்துப் போனார். அவர் வீட்டுத் தெரு முனையில் கட்டியிருந்த வெள்ளை இரங்கல் பதாகையில் அவர் பெயரைச் சிங்களத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். பெயரின் முதல் எழுத்தாக, சுருண்ட ஓடும் நீட்டிய கழுத்துமாக, என் நத்தை இருந்தது.

ஆனால் அந்தப் புத்தாண்டுக்கு முந்திய மாலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அத்தனை கிட்டத்தில் பார்த்தும் வேறு கதவு என்று கண்டுபிடிக்க முடியாத நோனாவை நினைத்தால் பாவமாக இருந்தது. அம்மா விளக்கேற்றியதும் கதிர்காமத்து முருகனைக் கும்பிட்டு, நோனாவுக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனே பயந்துபோய், கதவு மட்டும் தெரியக் கூடாது என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.