பிளேடுக்குச் சாப்பாடு

அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைப் புதிதாகக் கேட்கிறவர்கள் அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள், பொழுது சாய்ந்தால் ஆள் தள்ளாடுவாரோ என்று. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வாசலிலும் நடைபாதையிலும் பேவர் கல் பதிக்கிற கூட்டத்தில் ஓரம் பார்க்கிறவர் அவர். கல் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படி வந்த பெயர் அது.

நடுவில் முழுக் கல்லாக அடுக்கிக்கொண்டு போவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நூல் கட்டி, மணல் விரித்து, ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் ஆயிற்று. சுவரை நெருங்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும். கடைசிக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே முழுக் கல் நுழையாத ஒரு சந்து மிஞ்சும். அது இங்கே எழுபது மில்லி இருக்கும், நாலடி தள்ளி எழுபத்தாறு இருக்கும், ஏனென்றால் உலகத்தில் எந்தக் கொத்தனாரும் எந்தச் சுவரையும் நேராகக் கட்டியதில்லை. ஒவ்வொரு இடமாக அளந்து, ஒவ்வொரு கல்லாக அறுத்து, அந்தச் சந்தை அடைப்பவர் மில்லி. இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவர் வேலை.

அறுப்பது கட்டிங் மிஷினில். அதில் சுற்றுகிற பிளேடு மூன்று மில்லி கனம். அது கல்லுக்குள் போகிற வழியில் இருக்கிற மூன்று மில்லியும் தூளாகிப் பறந்துவிடும். அதைச் சேர்க்காமல் கோடு போட்டால் கல் இளைத்துவிடும். ஆகவே அளவோடு மூன்று மில்லி கூட்டியே கோடு போடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் பிளேடுக்குச் சாப்பாடு. ஆரம்பத்தில் மனசுக்குள் கூட்டிப் பார்த்துத்தான் போட்டார். பிறகு மனசுக்கு வேலையே இல்லை. டேப்பில் எழுபத்திநாலு என்று கண் பார்க்கும், எழுபத்தேழில் கை கோடு இழுத்துவிடும்.

பறந்த தூள் எங்கே போகிறது என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டுவார். அரை மணியில் அது காய்ந்துவிடும், அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். தண்ணீர் விட்டு அறுக்கலாமே என்று யாராவது சொன்னால், கோடு அழிந்துவிடும், கரண்ட் அடிக்கும் என்று இரண்டு காரணம் வைத்திருந்தார். மூன்றாவது காரணம் பிடிவாதம். சாயங்காலம் புருவம் முதல் கால் நகம் வரை வெள்ளையாக வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"அங்கயே நில்லுங்க. உதறிட்டுத்தான் உள்ள விடுவேன்" என்பாள் அவர் மனைவி. "உங்க சட்டைய ரெண்டு நாள் ஊற வச்சா ஒரு ரூம் கட்டிடலாம்."

இருமல் வந்தபோது அவர் அதை மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். குளிக்காத மனுஷனுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தவள், பதினோராம் நாள் கதவைத் தட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "உள்ள போனது வெளிய வராது" என்றார். "இனிமே போகாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். ஒரு நாள்தானேன்னு போனீங்கன்னா அந்த ஒரு நாளும் உள்ளயேதான் இருக்கும்."

"டாக்டர்னா நாலு வார்த்தை பயமுறுத்தத்தான் செய்வாங்க" என்றார் மில்லி, வீட்டுக்கு வந்ததும்.

அவள் அவர் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அவருடைய துணி அலசிய தண்ணீரை அவள் கொட்டுகிற இடத்தில், தரை சாம்பல் நிறத்தில் இருந்தது. கடப்பாரையை எடுத்து அதில் ஒரு போடு போட்டாள். ணங்கென்று சத்தம் வந்தது.

"மண்ணுன்னு நெனச்சீங்களா? உங்க சட்டைத் தண்ணி. துணியில ஒட்டிட்டு வந்தது மட்டும் இவ்வளவு. உள்ள போனது எவ்வளவு?"

மில்லி குனிந்து, உடைந்த சில்லை எடுத்துப் பார்த்தார். பழக்க தோஷம், டேப்பையும் எடுத்தார். பதினோரு மில்லி இருந்தது.

அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. வேலையை விடுவது என்று முடிவு செய்து, ஒரு துணிக்கடையில் காவலுக்குப் போனார். ஒன்பது நாள் தாங்கியது. கடை வாசலில் யாரோ பதித்திருந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க அவரால் முடியவில்லை. வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக் குறை சொன்னார், முதலாளியிடமும் சொன்னார். பத்தாம் நாள் வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

கல்லைத் தூளாக்காமல் வெட்ட வழி உண்டா என்று யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். வழி அவருக்கு முன்பே தெரியும். கை தவறி உளிமேல் விழுந்த கல் இரண்டாகப் பிளப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறார். மேலே ஒரு உளி வாய், கீழே ஒரு உளி வாய், நடுவில் கல், நல்ல அழுத்தம். கல் பட்டென்று விட்டுவிடும். தூசி எழும்ப அதில் இடமே இல்லை.

பழைய இரும்புக் கடையில் சேனல் கம்பி வாங்கினார். உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி, வாய் தீட்டினார். லாரி தூக்குகிற ஜாக்கி ஒன்று கிடைத்தது. தெருமுனை வெல்டர் அவருடைய சிநேகிதர். கொல்லைப்புறத்தில் இரண்டு பேரும் ஒரு மாதம் மல்லுக்கட்டினார்கள். முதலில் ஜாக்கியை மேலே தலைகீழாகக் கட்டினார்கள், எவ்வளவு அடித்தும் அழுத்தம் ஏறவில்லை.

"அதைத் தலைகீழா தொங்கவிட்டா உள்ள எண்ணெய் எப்படி ஏறும்?" என்றார் வெல்டர். "நீ தலைகீழா நின்னு தண்ணி குடிப்பியா?"

அதற்கப்புறம் ஜாக்கியை நிமிர்த்தி வைத்து, அதன் தலை மேல் சட்டத்தை முட்ட, அதன் அடிப்பாகம் மேல் கத்தியைக் கீழே தள்ளுகிற மாதிரி மாற்றினார்கள். வேலை முடிந்ததும் கத்தியை மேலே இழுத்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஸ்பிரிங். மேல் வாயும் கீழ் வாயும் இரண்டு மில்லி விலகியிருந்ததால் கல் சாய்வாக உடைந்தது. வெட்டி எடுத்து மறுபடி ஒட்டினார்கள். அதையும் வெட்டி மூன்றாம் தடவை ஒட்டினார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை.

மனைவியின் தம்பிதான் கல் பதிக்கிற கூட்டத்துக்கு மேஸ்திரி. ஒரு நாள் வந்து மிஷினைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மாமா, பாக்குவெட்டி செஞ்சு வச்சிருக்கீங்க?"

மில்லி ஒரு கல்லை உள்ளே வைத்து, நெம்புகோலை ஏழு தடவை அடித்தார். ஏழாவதில் டக்கென்று ஒரு சத்தம். கல் சரிபாதியாகக் கிடந்தது. மனைவி குனிந்து மிஷினுக்கடியில் விரலால் தடவிப் பார்த்தாள். நாலைந்து துணுக்குகள் இருந்தன, பொடி இல்லை. அவள் விரலை அவரிடம் காட்டினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கே" என்றான் தம்பி.

"கடிச்ச பக்கம் சுவரைப் பாத்து இருக்கும். கலவை பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

அவன் யோசித்தான். "சரி மாமா. பல் ஆஸ்பத்திரி வாசல் இருக்கு, அதுல பாப்போம். ஆனா வேலைக்கு அடுத்த நாள் காலைலயே ஆஸ்பத்திரியத் திறக்கிறாங்க, கெடு தப்பக்கூடாது. சரிப்படலேன்னா கோச்சுக்காதீங்க, ஓரத்துக்கு வேற ஆளைத்தான் நான் பாக்கணும்."

அவன் போனபிறகு மனைவி சொன்னாள், "இனிமே வாசல்ல வெள்ளையா வந்து நிக்காதீங்க."

"நிக்க மாட்டேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரம் இருந்தது. மிஷினை அதன் நிழலில் இறக்கினார்கள். மில்லி சுவரோரமாகப் போய் அறுபது சந்தையும் அளந்து தாளில் எழுதினார். மரத்தடிக்கு வந்து ஒவ்வொரு கல்லிலும் கோடு போட்டார், எண் போட்டார், பிளந்து அடுக்கினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வேலை செய்யும்போது மற்றவர்கள் பேசுவது அவர் காதில் விழுந்தது. ஒருவன் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் கட்டைக் குரலில் பாடிக்கொண்டிருந்தான். இத்தனை காலம் இவன் பாடுவானென்றே தெரியாதே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். நெம்புகோல் அடிக்க அடிக்க மூச்சு வாங்கியது உண்மைதான், நின்று நின்று அடித்தார். மத்தியானத்துக்குள் அறுபதும் தயார்.

முதல் கல்லைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்ச் சந்தில் வைத்தான். உள்ளே போகவில்லை. சுத்தியலால் தட்டினான். பக்கத்துக் கல் எழும்பியது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. மில்லி ஓடிப்போய்க் கல்லை அளந்தார், சந்தை அளந்தார். எல்லாக் கல்லும் மூன்று மில்லி கூடுதல்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த மிஷினுக்குச் சாப்பாடு எதுவும் வேண்டாம். இது கல்லைத் தின்பதில்லை, பிளக்கிறது. ஆனால் கைக்கு யார் சொல்வது? கை தன்பாட்டில் அறுபது கல்லிலும் பிளேடுக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தது. வீட்டில் சோதித்த நாளெல்லாம் கல்லைப் பாதியாகத்தான் பிளந்தாரே தவிர, ஒரு கல்லையும் ஒரு சந்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் மில்லி என்று பெயர் எடுத்தவருக்கு அளவிலேயே சறுக்கியது.

மூன்று மில்லியைப் பிளந்து எடுக்க எந்தக் கத்தியாலும் முடியாது. வேறு கல்லும் கையில் இல்லை, அதே நிறத்தில் வர இரண்டு நாள் ஆகும். தம்பி வண்டியிலிருந்து கட்டிங் மிஷினை எடுத்து வந்தான்.

"நீங்க தள்ளிப் போய் உக்காருங்க மாமா, நான் தேய்க்கிறேன்."

அவன் ஓரம் பார்த்து அறியாதவன். முதல் கல் கோணலாகப் போய் மூலை தெறித்தது. இரண்டாவதும் தெறித்தது. மில்லி எழுந்து வந்து அவன் கையிலிருந்து மிஷினை வாங்கினார்.

"இந்த ஒரு நாள்தான்" என்றார். சொல்லும்போதே டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

பிளேடு தன் பங்கை வட்டியோடு வாங்கிக்கொண்டது. தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வேண்டாம் என்று தள்ளியும், மனசு கணக்குப் போட்டது. நாளுக்குச் சராசரி நாற்பது கல். நாற்பது மூன்று நூற்றிருபது மில்லி. ஒரு கல்லின் நீளம் இருநூறு. அப்படியானால் தினமும் அரைக் கல்லுக்கு மேல் தூளாகியிருக்கிறது. என் வேலையில் ஒரு அரைக் கல் வீணானதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். மூக்கில் கட்டிய துணி காய்ந்துவிட்டது, ஆனாலும் அவர் அதை அவிழ்க்கவில்லை. இரண்டு தடவை இருமல் வந்து மிஷினை நிறுத்தினார். பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை நிறுத்திவிட்டான்.

வேலை முடிந்தது. தெறித்த இரண்டு மூலையும் கலவையில் மறைந்துவிட்டன, வாசல் அழகாகத்தான் இருந்தது.

"நாளை மறுநாள் ஒரு நடைபாதை இருக்கு" என்றான் தம்பி, அவர் முகத்தைப் பார்க்காமல். "பாக்குவெட்டிய இன்னும் ஒரு தடவை பாப்போம். இன்னொரு தடவை அளவு தப்பினா நான் வேற ஆள் பாத்துடுவேன் மாமா. உங்களை இப்படிப் பாத்துட்டு அக்கா மூஞ்சில என்னால முழிக்க முடியாது."

சாயங்காலம் வீட்டு வாசலில் வெள்ளையாக வந்து நின்றார். மனைவி கதவைத் திறந்தாள். அங்கேயே நில்லுங்கள் என்று சொல்லவில்லை, உதறவும் இல்லை. அவர் படியில் உட்கார்ந்து, மூச்சு விட்டு மூச்சு விட்டு, நடந்ததைச் சொன்னார். பிளேடுக்குச் சாப்பாடு என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் கொல்லையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுபத்திநாலு. கோடு போடுங்க, பாக்கலாம்."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், டேப்பை வைத்தார், கோடு இழுத்தார். அவள் குனிந்து எண்ணைப் படித்தாள். எழுபத்தேழு. இவ்வளவும் நடந்த பிறகும் எழுபத்தேழு. மில்லி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளேடு என்னத்தச் சாப்பிட்டுச்சு?" என்றாள் அவள். "இத்தனை வருஷமும் அதுக்குன்னு எடுத்து வச்சீங்க, நீங்கதானே சாப்பிட்டீங்க."

அவள் கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தாள். அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். டேப்பை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் நடுங்கிய கோடுதான். அவர் அளந்து பார்த்தார். எழுபத்திநாலு.

"நடைபாதைக்கு நானும் வரேன்" என்றாள். "கோடு நான் போடுறேன். எனக்குப் பிளேடுக்கு எடுத்து வச்சுப் பழக்கமில்ல."

பிறகு அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஊற வைக்க எடுத்துக்கொண்டு போனாள்.