இடுப்புத் தறியில் ஒரு வடிவமைப்பாளர்

பிலிப்பீன்ஸ் மலைக்கிராமப் பெண்கள் நெய்யும் துணிக்கு மெல்பேர்ணில் ஆடை வடிவமைப்பாளர்களைத் தேடிப் பிடிப்பதுதான் மல்கிரேவ் புறநகரில் வசிக்கும் சுகிர்தாவின் தொழில். ஒரு வருடம் அலைந்து கிடைத்த முதல் ஆள் டிலக்சன். அவனோ ஒன்றரை மீற்றர் அகலம் கேட்டான்.

“தம்பி, தறியை இடுப்பில கட்டித்தான் நெய்யிறவை. கை எட்டுற அகலம்தான் வரும்.”

“கையை நல்லா நீட்டச் சொல்லுங்கோ, அன்ரி.”

சுகிர்தா அவனைத் தரையில் இருத்தினார். வாசற்கதவின் பிடியில் நூல்களைக் கட்டி, மறுமுனையை வீடு கூட்டும் தும்புத்தடியின் நீண்ட பிடியில் பரப்பி, அதை அவன் இடுப்போடு இறுக்கினார்.

“இப்ப நெய்யும்.”

டிலக்சன் பின்னால் சாய்ந்து, நண்டுபோல் கைகளை விரித்தான். இரண்டு கரையும் எட்டவில்லை. அந்நேரம் பார்த்துக் கணவர் யோகன் வெளியிலிருந்து கதவைத் திறந்தார். நூல் தளர்ந்தது, டிலக்சன் மல்லாந்து விழுந்தான்.

“இது ஆரப்பா?”

“கஸ்டமர்.”

கிடந்தபடியே டிலக்சன் சொன்னான்: “அரை மீற்றர் அகலமே காணும், அன்ரி. இருபது துண்டு எடுப்பியுங்கோ.”